மூன்றாவது ஆட்டத்தின் பட்டியல்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரிக்குப் பேருந்தில் போய்வரும் ஒரு மாணவன் நன்றாகக் கால்பந்து ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அவனுக்கு எத்தனை போட்டி ஆட்டங்கள் கிடைக்கும்? கல்லூரி அணியில் இடம் பிடித்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போவான். இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட் முறையில் நடப்பவை. முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டு அதோடு சரி. ஜெயித்துக்கொண்டே போனாலும் நான்கைந்து ஆட்டங்களில் கோப்பை யாருக்கென்று முடிவாகிவிடும். அங்கே தேர்வாளர்களின் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி. அதன்பின் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டி. அதில் முதல் நான்கு இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும்.

இதில் பணயமாக இருப்பது கோப்பை மட்டும் அல்ல. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவருக்குத் தரும் சான்றிதழை விளையாட்டுக்காரர்கள் ‘ஃபார்ம் த்ரீ’ என்பார்கள். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க உதவும் தாள் அது. தமிழக அரசுப் பணிகளில் அந்த ஒதுக்கீடு 3 விழுக்காடு. திராட்சைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பையனுக்கு ஒரு மதிய வேளையின் தொண்ணூறு நிமிடம் எவ்வளவு கனமானது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே கல்லூரிக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்; அது இருக்கட்டும். கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டணிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. நம் மண்டலம் மாதிரிதான், ஆனால் பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் நிறைந்த மண்டலம். எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கூட்டணியில் 2024-இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த பிறகு 16 கல்லூரிகள். ஓர் அணிக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் முடிய 12 ஆட்டங்கள். முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பத்திரிகையாளர்கள் வாக்களித்து முதல் 25 அணிகளின் பட்டியலை வெளியிட்டுவிடுவார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் இந்த வாக்கெடுப்பை 1936 முதல் நடத்துகிறது. பருவம் தொடங்குமுன் போடும் பட்டியல் 1950-இல் வந்தது.

அப்படிப் போட்ட பட்டியலில் 2024-இல் 10ஆம் இடத்தில் இருந்தது ஃபுளோரிடா ஸ்டேட். முந்தைய ஆண்டு தன் கூட்டணியின் சாம்பியன். அந்தப் பருவம் முடிந்தபோது அதன் கணக்கு இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. இப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் அணி பட்டியல் போட்டவர்களின் முகத்தில் கரி பூசுகிறது. ஆனாலும் அடுத்த ஆகஸ்டில் பட்டியல் வராமல் இருப்பதில்லை. தேசியச் சாம்பியன் பட்டத்துக்கு யார் மோதுவது என்று தீர்மானிக்கும் தேர்வுக்குழு மட்டும் உஷார். அது தன் முதல் பட்டியலை நவம்பர் தொடக்கத்தை ஒட்டித்தான் வெளியிடுகிறது. பத்திரிகையாளர்கள் தவறினால் அடுத்த வாரம் திருத்தி எழுதலாம். தேர்வுக்குழு தவறினால் ஒரு கல்லூரியின் ஆண்டே போய்விடும்.

இரண்டு மூன்று ஆட்டங்களை வைத்து அணிகளை வரிசைப்படுத்துவதில் அர்த்தம் உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த வரிசையைத் திருத்தப் பின்னால் போதுமான ஆட்டங்கள் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் அவசரப்பட்டுப் பட்டியல் போட்டுவிட்டு மூன்று மாதம் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நாம் பட்டியல் போடுவதே இல்லை என்று தோன்றும். உண்மையில் நாமும் போடுகிறோம், திருத்த இடமில்லாத பட்டியலாக.

முதலில் எண்களைப் பார்ப்போம். 16 அணிகளும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் சமபலம் என்று கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி தோல்வியை நாணயம் சுண்டித் தீர்மானிக்கிறோம். ஒவ்வோர் அணியும் மூன்று ஆட்டங்கள் ஆடி முடித்தபின் மூன்றிலும் வென்ற அணிகள் எத்தனை இருக்கும்? எட்டில் ஒன்று வாய்ப்பு. ஆக சராசரியாக இரண்டு அணிகள். மூன்றிலும் தோற்றவையும் இரண்டு. பட்டியலின் உச்சியில் இரண்டு, அடியில் இரண்டு, நடுவில் ஒரு கூட்டம். திங்கட்கிழமைச் செய்தித்தாளில் அதைப் பார்ப்பவர் உச்சியில் இருப்பவர்களின் பயிற்சியாளரைப் புகழ்ந்தும் அடியில் இருப்பவர்களின் மனவுறுதியைக் குறைசொல்லியும் இரண்டு பத்தி எழுதிவிடலாம். எழுதுகிறார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பானைக்குள் தண்ணீர் கொதித்து அரிசி மேலும் கீழும் புரள்வதால்தான் அது செல்லுபடியாகிறது. எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றவற்றோடு சேர்ந்து வெந்தது. ஓர் அணியின் முதல் மூன்று ஆட்டங்கள் அப்படிப் புரண்டவை அல்ல. மூன்றும் சொந்த மைதானத்தில் நடந்திருக்கலாம். எதிரணிகள் மூன்றும் சோப்ளாங்கிகளாக இருந்திருக்கலாம். மையத் தடுப்பாட்டக்காரர் கணுக்கால் சுளுக்கோடு வெளியே உட்கார்ந்திருக்கலாம்.

நம் வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் உதாரணம் 2024 ஐ.பி.எல். முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்றுக் கடைசி இடத்தில் கிடந்தது பெங்களூரு. அதன்பின் வரிசையாக ஆறு வெற்றி. மே 18 அன்று சின்னசாமி மைதானத்தில் சென்னையை 27 ரன்னில் வென்றபோது இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள். நெட் ரன் ரேட் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. சென்னை வீட்டுக்குப் போனது. அதே ஆண்டு ராஜஸ்தான் முதல் ஒன்பதில் எட்டை வென்று யாரும் எட்ட முடியாத உயரத்தில் நின்றது. அடுத்த நான்கும் தோல்வி. முதல் வாரப் பட்டியலை நம்பாதே என்பதற்கு இவ்விரண்டையும் காட்டுவார்கள். ஆனால் அதே ஆண்டு மும்பை முதல் மூன்றிலும் தோற்று, கடைசியிலும் பத்தாம் இடத்திலேயே முடித்தது. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. தொடக்கத்தில் மோசமாக ஆடி இறுதியிலும் மோசமாகவே முடிக்கும் அணிகள் நினைவில் தங்குவதில்லை. மீண்டெழுந்தவர்கள் மட்டும் தங்குகிறார்கள். ஆரம்பப் பட்டியல் பயனற்றது என்ற முடிவுக்கு அவசரமாக வருபவர்கள் இந்த நினைவின் ஓரவஞ்சனையைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழகக் கால்பந்திலேயே எதிரெதிரான இரண்டு கதைகள் இருக்கின்றன. 2015 ஐ.எஸ்.எல். பருவத்தில் சென்னையின் எஃப்.சி. 14 லீக் ஆட்டங்களில் பத்தை முடித்தபோது பட்டியலின் அடியில் இருந்தது. மீதி நான்கையும் வென்று அரையிறுதிக்குப் போனது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புணேவுக்கு மாறியது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம், ஆட்டம் முடியும் தறுவாயில் 1-2 என்று பின்தங்கிய நிலை. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல். கோப்பை சென்னைக்கு வந்தது. பத்து ஆட்டம் என்பது சிறிய மாதிரி அல்ல. மொத்தப் பருவத்தில் பாதிக்கு மேல். அதுவே பொய்த்தது.

இரண்டாவது கதை கோயம்புத்தூரில். சென்னை சிட்டி எஃப்.சி. பெயரளவில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2017-18 ஐ-லீகில் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவம் தொடங்குமுன் யாராவது பட்டியல் போட்டிருந்தால் அதை மேல்பாதியில் வைத்திருக்க மாட்டார்கள். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இருக்கும் லீக் அது. 2018 அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றது. இளம் பையன்களின் அணியை வென்றதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் சில வாரங்களில் முதலிடத்துக்கு வந்தது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இங்கே முதல் சில வாரப் பட்டியல் சொன்னது உண்மை. முந்தைய ஆண்டின் பட்டியல் சொன்னது பொய்.

ஏன் என்று பார்த்தால் வழி தெரிகிறது. சென்னை சிட்டியின் பெயரும் சீருடையும் பழையவை, அணி புதிது. ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். எட்டாவது இடம் பிடித்த அணியின் சாயலைப் புதிய அணியில் தேடியது நம் தவறு.

இந்தக் கேள்வியைப் புள்ளியியலாளர்கள் வேறு ஆட்டத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் இருவரும் 1970 அமெரிக்க பேஸ்பால் பருவத்திலிருந்து 18 ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் முதல் 45 முறை மட்டை பிடித்ததில் எத்தனை முறை வெற்றிகரமாக அடித்தார்கள் என்பது தெரியும். மீதிப் பருவத்தில் அவர்களின் சராசரி என்னவாகும் என்று கணிக்க வேண்டும். இதுவரை அடித்த சராசரியையே அப்படியே கணிப்பாக வைப்பது ஒரு வழி. சார்ல்ஸ் ஸ்டைன் 1956-இல் கண்டு, 1961-இல் வில்லார்ட் ஜேம்ஸோடு சேர்ந்து செம்மை செய்த வழி வேறு: எல்லோருடைய சராசரியையும் மொத்தக் கூட்டத்தின் சராசரியை நோக்கி ஓரளவு இழுத்துவிடுவது. அதிகம் அடித்தவரைக் கீழே, குறைவாக அடித்தவரை மேலே. மூன்று பேருக்கு மேற்பட்டால் இப்படி இழுத்த கணிப்புகளின் மொத்தப் பிழை சராசரியாகப் பார்த்தால் எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பது நிரூபணமான தேற்றம். பேஸ்பால் கணக்கில் மொத்தப் பிழை ஏறத்தாழ மூன்றரை மடங்கு குறைந்தது.

இதை முதன்முதல் படிப்பவருக்கு எரிச்சல் வரும். நான் அடித்ததற்கும் பக்கத்து ஊர்க்காரன் அடித்ததற்கும் என்ன சம்பந்தம்? அவன் எண்ணை வைத்து என் எண்ணை எப்படிக் குறைக்கலாம்? சம்பந்தம் இதுதான்: 45 முறை என்பது சின்னக் கணக்கு. அதில் உச்சத்தில் நிற்பவரிடம் திறமையும் இருக்கும், அதிர்ஷ்டமும் இருக்கும். அதிர்ஷ்டம் எவ்வளவு என்று அவரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டத்தையே பார்த்தால் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது மொத்தப் பிழை அல்ல, ராபர்ட்டோ கிளெமெண்டே என்ற ஒரே பெயர். முதல் 45-இல் 18 முறை அடித்திருந்தார், சராசரி .400. சூத்திரம் அவரை .294-க்கு இழுத்துக் கீழே இறக்கியது. மீதிப் பருவத்தில் அவர் அடித்தது .346. அப்பட்டமான எண்ணும் தவறு, இழுத்த எண்ணும் கிட்டத்தட்ட அதே அளவு தவறு. கிளெமெண்டே பல ஆண்டுகளாகப் பெரிய ஆட்டக்காரர் என்பது ஊருக்கே தெரியும், சூத்திரத்துக்குத் தெரியாது. மறுமுனையில் மேக்ஸ் ஆல்விஸ். முதல் கட்டத்தில் .156. சூத்திரம் அவரைத் தூக்கி .242-இல் வைத்தது, அவர் பிறகு அடித்தது .200. கூட்டத்துக்கு மொத்தமாகச் சரியாக இருக்கும் ஒரு முறை, கூட்டத்தில் தனித்து நிற்பவருக்கு அநீதி செய்யலாம். வரிசைப்படுத்தும் எந்த முறையிலும் இந்தச் சிக்கல் உண்டு. கோவையின் சென்னை சிட்டிக்கும் இதேதான் நேர்ந்திருக்கும்.

ஆக, ஆரம்பப் பட்டியல் போடுபவர் இரண்டு சரக்கைக் கலக்க வேண்டும்: போன ஆண்டின் பெயர், இந்த ஆண்டின் சில ஆட்டங்கள். எதற்கு எவ்வளவு எடை? கல்லூரி விளையாட்டில் போன ஆண்டின் பெயருக்கு எடை குறைவாக இருப்பதே நியாயம். பட்டப்படிப்பு மூன்றாண்டு, ஆண்டுதோறும் அணியில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிடும். அமெரிக்காவில் கல்லூரி மாறிப் போகும் விதிகளைத் தளர்த்தியபின் அணிகள் இன்னும் வேகமாக உருமாறுகின்றன. பில் கோனலி என்பவர் உருவாக்கிய எஸ்.பி.பிளஸ் என்ற வரிசைமுறை பருவத்தின் தொடக்கத்தில் அணியின் பெயரோடு நிற்காமல், போன ஆண்டு ஆடியவர்களில் யார் யார் திரும்பி வருகிறார்கள் என்பதை அளக்கிறது. ஆட்டங்கள் சேரச் சேர அந்தத் தொடக்க எடையைக் குறைத்துக்கொண்டே போகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் கபடி, வாலிபால் டோர்னமெண்ட் நடத்துபவர்களுக்கு இது புதிதல்ல. சுருளிப்பட்டியிலோ நாராயணத்தேவன்பட்டியிலோ இருந்து ஓர் அணி பெயர் கொடுத்தால், “யார் யார் வர்றா?” என்பதுதான் அமைப்பாளரின் முதல் கேள்வி. போலீஸ் அணிக்காரர் ஒருவர் லீவில் வந்து ஆடுகிறார் என்றால் மதிப்பே வேறு. பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டாலும், இரண்டு பெரிய அணிகள் முதல் சுற்றிலேயே மோதிவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். மோதினால் இறுதி ராத்திரிக்குக் கூட்டம் நிற்காது. பரிசுத்தொகை கொடுத்தவருக்கும் மனவருத்தம். அமைப்பாளர் தலைக்குள் ஒரு தரவரிசை இருக்கிறது. எழுதி ஒட்டுவதில்லை, அவ்வளவே.

எடையைப் பற்றிய கணக்குக்கு எளிய அடிப்படை ஒன்று உண்டு, பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் கொடுத்தது. வென்ற ஆட்டங்களோடு ஒன்றைக் கூட்டு, ஆடிய ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டு, வகுத்துவிடு. இன்னும் ஆடாத அணிக்கு அரை. மூன்றில் மூன்றும் வென்ற அணிக்கு ஐந்தில் நான்கு, அதாவது 0.8, முழு ஒன்று கிடைக்காது. 12-லும் வென்றால் 0.93. ஆட்டங்கள் கூடினால்தான் கணக்கு உன்னை நம்பும். வெஸ்லி கோலி என்ற வானியற்பியலாளர் இதை எடுத்துக்கொண்டு எதிரணிகளின் பலத்தையும் உள்ளே சேர்த்தார்: வலுவான அணியிடம் தோற்றதும் நோஞ்சானிடம் தோற்றதும் ஒரே தோல்வி ஆகாது. அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க 1998 முதல் 2013 வரை இருந்த பி.சி.எஸ். முறையில் கோலியின் கணக்கும் ஒரு பங்கு வகித்தது. அதில் யோசிக்க வைக்கும் விதி ஒன்று பின்னால் வந்தது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதைக் கணினிக் கணக்குகள் சேர்க்கக் கூடாது என்றார்கள். வித்தியாசம் நல்ல தகவல்தான். ஒரு கோலில் வென்றதற்கும் ஆறு கோலில் வென்றதற்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால், ஏற்கெனவே தோற்று நிற்கும் சின்னக் கல்லூரியைப் பெரிய கல்லூரி கடைசி நிமிடம் வரை போட்டு மிதிக்கும்.

தரவரிசை எண்ணோடு வாழப் பழகியது தமிழ்நாட்டில் சதுரங்கக் குடும்பங்கள்தான். ஆர்பாட் எலோ வகுத்த முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றது. 200 புள்ளி கூடுதலாக இருப்பவர், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்றால் சராசரியாக 0.76 எடுப்பார் என்பது போன்ற கணிப்பு அதில் பொதிந்திருக்கிறது. கணிப்புக்கு மேல் ஆடினால் எண் ஏறும். புதிதாக வருபவருக்கு முதல் 30 ஆட்டங்கள் முடியும்வரை மாறும் வேகத்தின் பெருக்கெண் 40. நன்கு நிலைபெற்றவர்களுக்கு 20, 2400-ஐத் தொட்டவர்களுக்கு 10. புதியவனைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது, ஆகவே அவன் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும் கூர்ந்து கேட்போம் என்கிறது இந்த விதி. இதைவிடக் கண்ணியமான ஏற்பாட்டை வேறு விளையாட்டில் நான் பார்த்ததில்லை.

அப்படி இருந்தும் எண் பின்தங்கும். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அதற்குச் சாட்சி. பொதுப்பிரிவில் 180-க்கும் மேற்பட்ட அணிகள். எலோ எண் சராசரிப்படி முதல் இடத்தில் அமெரிக்கா, இரண்டாவது இந்தியாவின் முதல் அணி. முடிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. தொடக்கப் பட்டியலில் அதற்கு 14ஆம் இடம். வெள்ளி வென்ற ஆர்மீனியா 12ஆவது. வெண்கலம் வென்ற இந்தியாவின் இரண்டாம் அணி 11ஆவது. குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன், நிஹால் சரின், ரௌனக் சாத்வானி; பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பெருந்தொற்று ஆண்டுகளில் நேரடிப் போட்டிகள் நின்றிருந்தன. பிள்ளைகளின் ஆட்டம் வளர்ந்தது, எண் வளரவில்லை. அமெரிக்கா ஐந்தாவதாக முடித்தது.

அந்தப் பிழை திருந்தியதற்குக் காரணம் போட்டியின் அமைப்பு. சுவிஸ் முறை, 11 சுற்றுகள். யாரும் தோற்று வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுகிறார்கள். முதல் சுற்றில் தொடக்கப் பட்டியல் ஆள்கிறது, ஏழாவது சுற்றில் அது யாருக்கும் நினைவில்லை. ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகும் 2024-25 முதல் இதன் சாயலில் 36 அணிகளுக்குத் தலா எட்டு ஆட்டம் என்று மாறியது. முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கே புள்ளி எடுத்து 25ஆம் இடத்தில் இருந்த பாரிஸ் அணிதான் கடைசியில் கோப்பையை எடுத்தது. இறுதியில் இன்டர் மிலானை 5-0 என்று வென்று.

இனி நம் பல்கலைக்கழகக் கால்பந்துக்குத் திரும்பலாம். மண்டலப் போட்டியில் பொதுவாக நாக் அவுட் நடத்தி, மிஞ்சும் நான்கு அணிகளுக்குள் லீக் வைப்பார்கள். முந்தைய ஆண்டு முதல் நான்கு இடம் பிடித்த பல்கலைக்கழகங்களை அட்டவணையின் நான்கு பகுதிகளில் பிரித்து வைப்பது வழக்கம். நம் பட்டியல் இதுதான். கேரளத்துக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் போல நீண்ட கால்பந்து மரபுள்ள பல்கலைக்கழகம் அதில் அடிக்கடி மேலே இருக்கும், தகுதியோடுதான் இருக்கும். ஆனால் போன ஆண்டு அணியில் ஆடியவர்கள் பலர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பின்னும் அவர்கள் சம்பாதித்த இடம் கல்லூரிக்குள் புதிதாக வந்தவனுக்குக் கிடைக்கிறது. எதிர்ப்புறம், வளர்ந்துவரும் ஓர் அணி முதல் நாளே அந்த நால்வரில் ஒருவர் பக்கத்தில் விழுந்தால், அதன் பலம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நாக் அவுட்டின் கணக்கு கொடூரமானது. ஒவ்வோர் எதிரணியையும் பத்தில் ஏழு முறை வெல்லக்கூடிய நல்ல அணி என்றாலும், ஐந்து சுற்றுகளைத் தொடர்ந்து தாண்டும் வாய்ப்பு 17 விழுக்காடு. பத்தில் எட்டு முறை வெல்லும் அணிக்கும் 33 விழுக்காடுதான். குறுகிய போட்டியில் தகுதியானவர் வெல்லவே முடியாது என்று சொல்ல வரவில்லை. மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மூன்று வாரத்துக்குள் நடந்து முடிந்த இந்திய மகளிர் லீகில், இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனது. ஆனால் அங்கே குழுப்பிரிவில் லீக் ஆட்டங்கள் இருந்தன. ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் எழ இடம் இருந்தது. அந்த இடம் கல்லூரிப் போட்டியின் முதல் சுற்றில் இல்லை.

முழு லீக் வைத்தால் என்ன? 64 அணிகள் ஒன்றோடொன்று மோத 2,016 ஆட்டங்கள் வேண்டும். நாக் அவுட்டில் 63 போதும். எந்த உடற்கல்வி இயக்குநரும் எதைத் தேர்வார் என்று கேட்கவே வேண்டாம். செமஸ்டர் தேர்வு இருக்கிறது, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது, பயணப்படி இருக்கிறது. ஆனால் மேற்குப் பகுதியின் எட்டுக் கல்லூரிகளை மட்டும் சேர்த்தால், உத்தமபாளையம், போடியின் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, உசிலம்பட்டித் தேவர் கல்லூரி என்று பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, 28 ஆட்டங்களில் லீக் முடிந்துவிடும். சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டம், ஏழு வாரம். மூன்றாம் வாரத்தில் மூன்றும் வென்று ஒருவர் மேலே நிற்பார். எட்டும் சமபலம் என்றாலும் சராசரியாக ஒருவர் அப்படி நிற்பார். அவர் நிஜமா அதிர்ஷ்டமா என்று காட்ட மீதி நான்கு வாரம் இருக்கும்.

அதுவும் முடியாது என்றால் சதுரங்கக்காரர்களின் வழி இருக்கிறது. 16 கல்லூரிகள் ஓரிடத்தில் கூடினால் நாக் அவுட்டுக்கு நான்கு சுற்று, 15 ஆட்டம். சுவிஸ் முறையிலும் நான்கே சுற்று, ஆட்டங்கள் 32. நாளுக்கு ஒரு சுற்று வைத்தால் இரண்டும் நான்கு நாளில் முடியும். எல்லா அணிகளுக்கும் தலா நான்கு ஆட்டம் கிடைக்கும்; தேர்வாளர்கள் ஒவ்வொரு பையனையும் நான்கு முறை பார்ப்பார்கள். கூடுதல் செலவு, தோற்ற அணிகளையும் கடைசி நாள் வரை விடுதியில் வைத்திருந்து சோறு போடுவதுதான்.